பாஞ்சாலங்குறிச்சி: நிலமும் நினைவும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனத் தொல்காப்பியர் வகுத்தார். மக்களின் ஒழுக்கம் நிலத்தைச் சார்ந்து நிற்கும் என்பது அவர் கருத்து. ஒழுக்கம் நிலத்தைச் சாருமாயின், நினைவும் அதனைச் சாரும் என்பது சொல்லாமலே விளங்கும். ஒரு குடியின் நினைவு ஏட்டில் மட்டும் தங்குவதன்று. குளத்திலும் மேட்டிலும் மரத்தடியிலும் ஊர்ப்பெயரிலும் தங்குவது. ஆதலின், நிலத்தை மாற்றுவோர் நினைவையும் மாற்ற முயல்வோரே ஆவர். அயலார் ஆட்சி நிலத்திலிருந்து ஒரு நினைவை அழிக்க முயன்ற வகையினையும், விடுதலைக்குப் பின் அந்நினைவு மீண்டும் நிலத்தில் நிறுவப்பட்டபோது நேர்ந்த மாற்றங்களையும் பாஞ்சாலங்குறிச்சியைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உழுது வித்திடுதல்

1799ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மேஜர் பானர்மன் தலைமையில் வந்த கும்பினிப் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிற்று. அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் வீரபாண்டியக் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். கோட்டை இடிக்கப்பட்டது. ஆனால் போர் அத்துடன் ஓயவில்லை. 1801ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிய ஊமைத்துரையும் அவன் துணைவரும், இடிந்த கோட்டையை மக்களின் துணைகொண்டு மிகச் சில நாள்களில் மீண்டும் எழுப்பினர். மார்ச்சுத் திங்கள் இறுதியில் அதனைத் தாக்கிய கும்பினிப் படை பேரிழப்புடன் பின்வாங்கியது. மே 24ஆம் நாளே கர்னல் அக்னியூவின் படை கோட்டையைக் கைப்பற்றிற்று. ஊமைத்துரையும் அவ்வாண்டு நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டான்.

இரண்டாம் முறை கோட்டை இருந்த இடமே இல்லையாக்கப்பட்டது. மண் நிரவப்பட்டு, உழப்பட்டு, ஆமணக்கு விதைக்கப்பட்டது என்றும், ஊர்ப்பெயரே ஆவணங்களினின்று நீக்கப்பட்டது என்றும் கூறுவர். இச்செயல் தமிழ் கற்றார்க்குப் புதியதன்று. பகைவர் அரணை அழித்துக் கழுதை பூட்டிய ஏரால் உழுது, வரகும் கொள்ளும் வித்திய வேந்தரைப் புறநானூறு காட்டும். புறப்பொருள் வெண்பாமாலை இதனை உழுது வித்திடுதல் என உழிஞைத்துறைகளுள் ஒன்றாக வைத்தது. எனினும், ஒரு வேறுபாடு உண்டு. பண்டை வேந்தர் உழுத அரணின் புகழ் வென்றோர்க்கு வேண்டப்பட்டது. அரண் பெரிதாயின் வென்றவன் பெரியனாவான். அதனால் தோற்றவன் பெயரும் பாட்டில் நின்றது. கும்பினிக்கு வேண்டப்பட்டதோ பெயரற்ற வயல். வெற்றியைப் பாடும் துறையாக இருந்தது, நினைவை நீக்கும் நிருவாகச் செயலாயிற்று.

அதே வேளையில், போரில் மாண்ட ஆங்கிலேயர்க்குக் கோட்டைக்கருகே கல்லறைகள் எழுந்தன. அவை இன்றும் உள. தோற்றோரின் நிலம் உழப்பட, வென்றோரின் இறப்பு கல்லில் நிலைபெற்றது. ஒரே களத்தில் ஒரு சாரார்க்கு எழுத்துடைய கல்லும், மறு சாரார்க்கு ஆமணக்கும் வாய்த்தன. ஓர் ஆட்சி நிலத்தின்வழி எழுதும் வரலாறு எத்தகையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பாட்டும் கல்லும்

நிலம் இழந்த நினைவு எங்குச் சென்றது? முதலாவதாகப் பாட்டிற்குச் சென்றது. கட்டபொம்மு கதைப்பாடல் நெல்லைச் சீமையில் வாய்மொழியாக வழங்கிற்று, கூத்தாகவும் ஆடப்பட்டது. பேராசிரியர் நா. வானமாமலை அதனைப் பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டது. இரண்டாவதாகக் கோயிலில் தங்கிற்று. பாஞ்சாலங்குறிச்சியில் உள்ள வீரசக்கதேவி கோயிலும் அதன் ஆண்டு விழாவும் அவ்வூர்ப் பெயரைச் சுற்றுப்புற மக்கள் மறவாதபடி காத்தன. மூன்றாவதாகக் கயத்தாற்றில், கட்டபொம்மன் மாண்டதாகக் கருதப்பட்ட இடத்தில் வழிச்செல்வோர் ஒவ்வொருவரும் ஒரு கல்லை இட்டுச் சென்றனர் என்றும், அது குவியலாக உயர்ந்தது என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது.

இக்கற்குவியல் பெரிதும் கருதத்தக்கது. நடுகல் எடுத்தற்குக் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு துறைகள் கூறுவர் தொல்காப்பியர். அவற்றைச் செய்யக் கல் எழுதுவோரும், விழா எடுப்போரும், அஞ்சாது கூடும் உரிமையும் வேண்டும். அவை இல்லாத இடத்தில் சங்கப்பாடல்கள் பதுக்கையைக் காட்டும்: பாலை வழியில் வீழ்ந்தோரின் மீது குவித்த கல், பெயரும் எழுத்தும் இல்லாதது. கயத்தாற்றுக் குவியலும் அவ்வகையினதே எனலாம். எழுத்து இன்மையால் அதனைக் குற்றம் கூற இயலாது. ஒவ்வொரு கையும் ஒரு கல்லே இடுதலின் அது யாருடைய செயல் என்றும் கூற இயலாது. அடக்கப்பட்ட மக்களின் நினைவு தனக்கு வேண்டிய வடிவத்தைப் பழைய மரபினின்றே எடுத்துக்கொண்டது.

எழுந்த கோட்டை

விடுதலைக்குப் பின் இந்நினைவு மீண்டும் வெளிப்பட நிலத்திற்கு வந்தது. ஜெகவீரபாண்டியனாரும் ம. பொ. சிவஞானமும் எழுதிய நூல்களும், 1959இல் வெளிவந்த திரைப்படமும் கட்டபொம்மனைத் தமிழகம் முழுவதற்கும் உரியவனாக்கின. 1968-69இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை பாஞ்சாலங்குறிச்சியில் அகழாய்வு செய்து அரண்மனையின் அடித்தளத்தை வெளிக்கொணர்ந்தது. 1974இல் அரசு நினைவுக் கோட்டை ஒன்றை எழுப்பிற்று. கயத்தாற்றில் நடிகர் சிவாஜி கணேசன் முயற்சியால் சிலை எழுந்தது.

அழிக்கப்பட்ட பெயர் கல்லில் நிலைபெற்றது நன்றே. ஆயினும் ஆராய்ச்சியாளர் ஒன்றை நோக்குதல் வேண்டும். பழைய கோட்டை மண்கோட்டை. அதன் வலிமை மண்ணில் இல்லை. இடித்த சில நாள்களில் அதனைக் குழைத்து எழுப்பிய எண்ணிறந்த கைகளில் இருந்தது. அக்கைகளுக்கு உரியோர் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. இன்று காண்போர் காண்பது உறுதியான கட்டடமும் ஓர் அரசனின் உருவமும் ஆகும். 1799ஆம் ஆண்டு கண்முன் நிற்கின்றது; 1801ஆம் ஆண்டு பின்னே மறைகின்றது. அரசன் இறந்த பின்னும் மக்கள் ஏன் போரிட்டனர் என்னும் வினாவை அக்கட்டடம் எழுப்புவதில்லை. திரைப்படத்தில் கேட்ட உரையாடலையே ஜாக்சன் துரைக்கு முன் நிகழ்ந்த உரையாடலாகக் கருதி அங்கு வருவோரும் பலர். கதைப்பாடல் பாடியோர் பலவாறு பாடினர். கல் ஒருவாறே கூறும்.

பெயர் சூட்டலும் நீக்கலும்

நிலத்தின் நினைவில் கட்டடத்தினும் ஆற்றல் மிக்கது பெயர். 1986இல் திருநெல்வேலி மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது ஒரு பகுதி சிதம்பரனார் பெயரையும், மற்றது கட்டபொம்மன் பெயரையும் பெற்றன. ஆவணங்களினின்று ஊரின் பெயரை நீக்கியதாகக் கூறப்படும் ஆட்சியின் வழிவந்த அலுவலகங்களிலேயே அவ்வூர்த் தலைவன் பெயர் நாள்தோறும் எழுதப்பட்டது. ஆயினும் பாஞ்சாலங்குறிச்சியும் கயத்தாறும் சிதம்பரனார் மாவட்டத்துள் அடங்கின. கட்டபொம்மன் பெயர் தாங்கிய மாவட்டத்தில் அவன் ஆண்ட ஊரும் இல்லை, அவன் மாண்ட ஊரும் இல்லை. பெயர் நிலத்தினின்று பிரிந்து அடையாளமாக மட்டும் நின்றது.

1997இல் இதனினும் ஆழ்ந்த நிகழ்ச்சி நேர்ந்தது. கட்டபொம்மனின் படைத்தலைவருள் ஒருவராகப் போற்றப்படும் கவர்னகிரிச் சுந்தரலிங்கத்தின் பெயர், விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றிற்குச் சூட்டப்பட்டது. அவர் ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்தவர் என்பதனால் எதிர்ப்பு எழுந்தது, கலவரமும் மூண்டது. முடிவில் மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் ஆகிய எல்லாவற்றினின்றும் தலைவர் பெயர்களை அரசு நீக்கியது. ஒரே களத்தில் நின்ற இருவருள் ஒருவர் பெயரை ஏற்ற நிலம் மற்றவர் பெயரை ஏற்க மறுக்க, இறுதியில் இருவர் பெயரும் நீங்கின. கும்பினி தன் ஆணையால் செய்ததனை நம் பிளவு நம் கையாலேயே செய்வித்தது.

இன்று கவர்னகிரியில் சுந்தரலிங்கத்திற்கும், வல்லநாட்டில் வெள்ளையத்தேவனுக்கும், பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மனுக்கும் தனித்தனி நினைவிடங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தகுதியுடையதே. ஆனால் ஒரு போர் பல ஊர்களின், பல குடிகளின் நினைவாகப் பகுக்கப்பட்டது. கூடி நின்றோர் தனித்து நிற்கின்றனர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இரண்டு. நிலத்தை உழுதல் நினைவை அழித்துவிடாது. அது பாட்டிலும் வழிபாட்டிலும் பெயரற்ற கல்லிலும் உயிர்வாழும். நிலத்தில் கல் நாட்டுதல் நினைவை முழுதும் காத்துவிடாது; அது ஒன்றைக் காட்டிப் பலவற்றை மறைக்கும். முன்னதைச் செய்தோர் அயலார் ஆதலின் அதனை எளிதில் அறிகின்றோம். பின்னதைச் செய்வோர் நாமே ஆதலின் அறியாது போகின்றோம்.

கதைப்பாடலின் வேறுபட்ட வடிவங்களைத் தொகுத்து ஒப்பிடுதலும், கவர்னகிரி முதலிய சிற்றூர்களில் வழங்கும் செவிவழிச் செய்திகளைப் பாடுவோர் மறையுமுன் பதிவு செய்தலும் தமிழ் ஆய்வாளரின் உடனடிக் கடமை. நினைவுக் கோட்டையின் சுவர் இன்னும் நெடுநாள் நிற்கும். மண்கோட்டையை எழுப்பியவர்களைப் பற்றிய சொற்கள் அத்துணை நாள் நில்லா.