வீட்டுச் சுவரில் சிவப்புக் கோடு... ரோடு பெருசாகப் போகுதா? பதறாம இதைப் படிங்க!

காலையில் பால் பாக்கெட் எடுக்க கேட்டைத் திறக்கிறீங்க. காம்பவுண்டு சுவரில் சிவப்பு பெயின்ட்டில் ஒரு கோடு, பக்கத்தில் ஏதோ ஒரு நம்பர். "ரோடு பெருசாக்கப் போறாங்களாம்ப்பா, நேத்து அளந்துட்டுப் போனாங்க" என்கிறார் எதிர்வீட்டு ஆன்ட்டி. சாயங்காலத்துக்குள் தெரு வாட்ஸ்அப் குரூப் பத்திக்கொள்கிறது. 'பத்தடி போகுதாம்', 'இல்ல, முப்பதடி', 'நஷ்டஈடே கிடையாதாம்'... ஆளுக்கொரு கதை!

புறநகரில் இருப்பவர்களுக்கு இது புதுசில்லை. சென்னை ஈ.சி.ஆரையே எடுத்துக்கோங்க. திருவான்மியூர் முதல் அக்கரை வரை நாலு வழியை ஆறு வழியாக்கும் திட்டம். கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் என ஒவ்வொரு ஏரியாவாக நிலம் எடுக்கும் வேலை பத்து வருஷத்துக்கும் மேல் இழுத்தது. இடையில் 2025-26 பட்ஜெட்டில், திருவான்மியூரிலிருந்து உத்தண்டி வரை உயர்மட்டச் சாலை என்று இன்னொரு அறிவிப்பு.

ரோடே வேண்டாம்னு யாரும் சொல்லவில்லை. ஆனால், திட்டம் இப்படி இழுத்துக்கொண்டே போனால் முன்பக்கம் போகப்போகிற வீட்டைப் புதுசாக் கட்டவும் மனசு வராது, நல்ல விலைக்கு விற்கவும் முடியாது. மக்களின் பெரிய கவலையே இந்த நிச்சயமின்மைதான். சரி, நாம என்ன செய்யலாம்?

கோடு போட்டாச்சுன்னா எல்லாம் முடிஞ்சதா?

இல்லை. கோடு வெறும் அளவீடுதான். மாநில நெடுஞ்சாலைத் துறை நிலம் எடுப்பது தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001-ன் கீழ். அதன் 15-வது பிரிவுப்படி, நிலத்தை எடுப்பதாக அறிவிக்கும் முன்பே, 'ஏன் எடுக்கக் கூடாது?' என்று உரிமையாளரிடமும் நிலத்தில் உரிமை உள்ள மற்றவர்களிடமும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தரணும். அதில் சொன்ன நாளுக்குள் எழுத்துபூர்வமாக பதில் கொடுங்க. ஒப்புகைச் சீட்டும் வாங்கிக்கோங்க.

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். நோட்டீஸை பீரோவில் வைத்துவிட்டு, ஜே.சி.பி வந்த பிறகு ரோட்டில் உட்காருகிறோம். அறிவிப்பு வெளியாகிவிட்டால் நிலம் அரசுடையது. அதற்கப்புறம் பேச்சு பெரும்பாலும் தொகையைப் பற்றி மட்டும்தான்.

எவ்வளவு கிடைக்கும்?

2013-ம் வருட நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் கணக்குதான் இதற்கும். அரசு வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம், அக்கம்பக்கத்தில் கடந்த மூன்று வருடங்களில் பதிவான விற்பனைப் பத்திரங்களின் சராசரி இன்னொரு பக்கம். பொதுவாக, இதில் எது அதிகமோ அதுதான் சந்தை மதிப்பு. அதோடு இடிபடும் கட்டடம், மரம் ஆகியவற்றின் மதிப்பைச் சேர்த்து, வரும் தொகைக்குச் சமமாக இன்னொரு மடங்கு ஆறுதல் தொகையும் தரணும். நகர்ப்பகுதியில் நிலத்துக்கு 10 லட்சம், சுவருக்கும் ஷெட்டுக்கும் 2 லட்சம் என்றால், மொத்தம் 24 லட்சம். கலெக்டர் நிர்ணயிக்கும் தொகை குறைவு என்று நினைத்தால் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி, மீதியை ரொக்கமாகக் கொடுத்து வாங்கும் பழக்கம் நம்மூரில் உண்டு. அந்த ரொக்கம் இந்தக் கணக்கில் வராது. தெருவே சேர்ந்து குறைத்துப் பதிந்திருந்தால், தெருவுக்கே நஷ்டம்!

பட்டா யார் பேர்ல இருக்கு?

தாத்தா பேரிலேயே பட்டா கிடக்கும் வீடுகள் ஏராளம். பெயர் மாறாவிட்டால் பணம் கைக்கு வருவது தள்ளிப்போகும். பட்டாவையும் நில வரைபடத்தையும் அரசின் இ-சேவை தளத்தில் போனிலேயே பார்க்கலாம். வில்லங்கச் சான்றும் வழிகாட்டி மதிப்பும் பதிவுத்துறை தளத்தில் கிடைக்கும். வீட்டின் முன்பக்கம் புறம்போக்கில் இருந்தால் அந்த நிலத்துக்கு இழப்பீடு கிடையாது. ஆனாலும் நோட்டீஸ் தராமல் இடிக்கக் கூடாது.

வாடகைக்கு இருக்கிறவங்க?

'ஓனர் பாத்துப்பார்'னு விடாதீங்க. அந்த இடத்தை நம்பி மூன்று வருடங்களாகப் பிழைப்பு நடத்தும் வாடகைதாரரும் 2013 சட்டப்படி பாதிக்கப்பட்டவர்தான். இடம்பெயரும் சிறு வியாபாரிக்கு ஒருமுறை உதவித்தொகையாகக் குறைந்தது 25,000 ரூபாய் என்கிறது அந்தச் சட்டம். வாடகை ஒப்பந்தம், கரன்ட் பில், உரிமம் எல்லாவற்றையும் பத்திரமா வைங்க. தள்ளுவண்டிக்காரர்களை அப்புறப்படுத்த, 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி 30 நாள் நோட்டீஸ் தரணும்.

நிலம் போகாதவங்களுக்கும் வேலை இருக்கு!

கோடு உங்க வீட்டைத் தொடவில்லையா? அப்பவும் நாலு கேள்வி கேளுங்க.

* நடைபாதை எவ்வளவு அகலம்?
* ஸ்கூல், பஸ் ஸ்டாப் எதிரே ரோட்டைக் கடக்க என்ன வழி?
* மழைநீர் வடிகால் எங்கே போய்ச் சேருது?
* பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுப் போடுவாங்களா, இல்ல மேலயே போட்டு ரோட்டை உயர்த்துவாங்களா?

கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். ரோடு உயர்ந்தால் மழைத்தண்ணி வீட்டுக்குள்ளதான் வரும்.

வதந்தியை ஃபார்வர்ட் செய்வதற்குப் பதிலாக, 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்.டி.ஐ போட்டு, எடுக்கப்படும் சர்வே எண்களின் பட்டியலையும் சாலையின் வரைபடத்தையும் கேளுங்க. தெருவில் பத்துப் பேர் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தால் இன்னும் நல்லது.

ரோடு வந்த பிறகு அதில் தினமும் நடக்கப்போவது நீங்கதான். அதனால், கேட்க வேண்டியதை இப்பவே கேட்டுடுங்க!