கோடாலிக்கருப்பூர்: தறியும் தூரிகையும் சேர்ந்த துணி

பூம்புகாரில் பட்டு, மயிர், பருத்தி நூல் ஆகியவற்றால் நெய்தவர்கள் வாழ்ந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அங்கே நடந்த அகழாய்வில் செங்கல் படகுத்துறையும் புத்த விகாரமும் வெளிப்பட்டன. ஆனால் ஈரமும் கரையானும் ஆளும் காவிரி டெல்டா மண்ணுக்குள் துணி நிலைப்பதில்லை. இங்கே நெசவின் வரலாற்றுக்கு நேரடிச் சான்று, பெரும்பாலும் பெட்டியில் யாராவது பத்திரப்படுத்திய துணிதான். பழந்துணி சேகரிப்பு பணக்காரர்களின் பொழுதுபோக்கு அல்ல, ஆவணக் காப்பு என்று சொல்ல இதுவே முதல் காரணம். கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள கோடாலிக்கருப்பூரின் சேலை அதற்கு நல்ல உதாரணம்.

தஞ்சை மராட்டிய அரண்மனைக்காக உருவான இந்தச் சேலையில், பருத்தி நெசவுக்குள் ஜரிகைப் புட்டாக்களைத் தறியிலேயே கோத்தார்கள். பிறகு மெழுகால் கோடு வரைந்து சாயம் ஏற்றினார்கள். வேலை இந்த வரிசையில்தான் நடந்தது என்பதைத் துணியே காட்டுகிறது: மெழுகு சாயத்தைத் தடுத்த வெள்ளைக் கோடுகள் பாவையும் ஊடையையும் பொருட்படுத்தாமல் வளைந்து ஓடுகின்றன, நெய்வதற்கு முன்பே நூலுக்குச் சாயமிட்டிருந்தால் அப்படி ஓடா. பருத்தி சிவந்திருக்க, சாயம் பிடிக்காத ஜரிகை அதனூடே மின்னுகிறது. புட்டா விழுந்த இடத்தைச் சுற்றியே சித்திரம் அமைந்திருப்பதால், நெய்பவரும் எழுதுபவரும் முன்கூட்டியே ஒரே திட்டத்தில் இயங்கினார்கள் என்றும் தெரிகிறது. 1855இல் தஞ்சை மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்து அரசு முடிந்தபின், ஆதரிப்பாரின்றி இந்த நெசவு மங்கி மறைந்தது.

கருப்பூர்க் கலம்காரி இன்றும் வாழ்கிறதே, 2021இல் புவிசார் குறியீடும் பெற்றதே என்று கேட்கலாம். வாழ்வது தூரிகைப் பாதி. தறிப் பாதியை மீட்க முயல்பவருக்குப் பழைய சேலையே பாடநூல். சேகரிப்பவர்கள்தான் துணியைச் சிதைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டிலும் உண்மை உண்டு. நடு ஆசியாவின் துருக்மேன் நாடோடிகள் கூடாரத்தில் தொங்கவிட்ட சேமிப்புப் பைகளில், அழகான முகப்பை மட்டும் சேகரிப்பவர்களுக்காக வணிகர்கள் வெட்டி விற்றார்கள். முடிச்சையும் பின்புறத்தையும் பார்த்தே எந்தக் குடியின் நெசவு என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். வெட்டியபோது அந்தச் சான்றில் ஒரு பகுதி போனது. ஆனால் இது முறைகெட்ட சேகரிப்புக்கு எதிரான வாதம்; சேகரிப்பையே கைவிடுவதற்கான வாதம் அல்ல. சேகரிக்காமல் விட்டால் ஜரிகைச் சேலை உருக்குபவரிடம் போய் வெள்ளிக் கட்டியாகிறது.

ஆகவே, வீட்டில் பழைய சேலை இருந்தால் கரையை வெட்டாதீர்கள், ஜரிகைக்காக எரிக்கவும் கொடுக்காதீர்கள். கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, மடிப்பை அவ்வப்போது மாற்றிப் போடுங்கள். யார் கட்டியது, எந்த ஊரில் வாங்கியது என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள்.