மேற்கணக்குக்கும் கேட்ட குரல்

இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஸ்பீக்கர் செட்டுக்குக் காவல் இருக்கும் வேலை 1976இல் எனக்குக் கிடைத்தது. அப்போது எனக்குப் பதினான்கு வயது. செட் பசறையிலிருந்து லொறியில் வரும். சவுக்கு மரத்தில் ஏறி ஒரு குழாயை நமுனுகுல மலைப் பக்கமும் இன்னொன்றைக் கீழ் லயங்களின் பக்கமும் திருப்பிக் கட்டுவேன். விடியற்காலையில் முதலில் சீர்காழியின் பிள்ளையார் பாட்டு, அடுத்து எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. இந்த வரிசையை யாரும் மாற்றச் சொன்னதில்லை.

அந்த அம்மன் பாட்டு ரொம்பத் தேய்ந்த தட்டு. ஓரிடத்தில் முள் எகிறும். செட்டுக்காரர் முள்ளின் தலையில் இருபத்தைந்து சதக் குற்றியை வைத்து நூலால் கட்டிவிடுவார். எகிறுவது நிற்கும், தட்டு இன்னும் சீக்கிரம் தேயும். வருஷா வருஷம் கரகரப்பு ஏறிக்கொண்டே போனது. வேறு யார் பாடியிருந்தாலும் அது குறையாகப்பட்டிருக்கும். ஈஸ்வரியின் குரலுக்கு என்னவோ பொருந்திப்போனது.

குழாய் ஸ்பீக்கர் அடித்தொனியை விழுங்கிவிடும். குழைவான பாட்டென்றால் மலைக்காற்றில் கரைந்துபோகும். ஈஸ்வரியோ தொண்டையைத் திறந்து, சொல்லைச் சொல்லாக நிறுத்திப் பாடுபவர். “மேக்கணக்குல கொழுந்து எடுக்கையில ஒரு சொல்லு தப்பாம வெளங்குச்சு தம்பி” என்பார் அம்மா. தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கு எங்கள் கோவிலிலிருந்து ஒரு மலை தள்ளி.

ஈஸ்வரி 1939இல் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி, கத்தோலிக்கக் குடும்பம். தாயார் சினிமாவில் கோரஸ் பாடியவர். மகளும் தாயோடு போய்க் கும்பலில் ஒரு குரலாகத்தான் தொடங்கினார். 1954இல் வந்த ‘மனோகரா’வில் அவர் கோரஸ் பாடியிருக்கிறார். 1958இல் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் கே.வி.மகாதேவன் தனிப்பாட்டுக் கொடுத்தார். 1961இல் ‘பாசமலர்’ படத்தின் கல்யாணப் பாட்டு அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. இலங்கை வானொலியில் அந்தப் பாட்டு வராத வாரம் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ஆனால் கதாநாயகிக்குப் பெரும்பாலும் பி.சுசீலாதான். ஈஸ்வரிக்குத் தோழி பாட்டு, கிளப் நடனப் பாட்டு. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. ‘சிவந்த மண்’ படத்தில் சாட்டை அடிக்கு நடுவே அவர் பாடுவதைக் கேளுங்கள். ஒவ்வொரு அடிக்கும் மூச்சு அறுபடும், சுருதி அறுபடாது. எத்தனை பேரால் முடியும் அது?

எழுபதுகளில் அவருடைய அம்மன் பாட்டுத் தட்டுகள் இங்கே பரவின. சினிமாவுக்காகப் பாடியவை அல்ல அவை. கரகத்துக்கும் தீமிதிப்புக்கும் என்றே பாடியவை போலிருந்தன. தப்புக்காரர்கள் கைக்கு ஓய்வு கொடுக்கும் நேரத்தில் அந்தத் தட்டு சுழன்றால், கரகம் எடுத்தவரின் கால் நிற்காது. கிறிஸ்தவப் பெண் பாடிய பாட்டு என்று எங்கள் பூசாரித் தாத்தாவுக்குத் தெரியும். “தட்டைத் தொடச்சுப் போடுறா” என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொன்னதில்லை.

தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் சித்தப்பா குடும்பமும் போனது. நீலகிரியிலிருந்து வந்த முதல் கடிதத்தில் குளிரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தார். பிறகு, ‘இங்கேயும் கோயில்ல ஈஸ்வரிதான்’ என்று ஒரு வரி. அம்மா அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்.

தட்டு போய் கேசட் வந்தது, கேசட் போய் சீடி வந்தது. ஈஸ்வரி ஓய்ந்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன். 2011இல் ‘ஒஸ்தி’யில் பாடினார், எழுபதைத் தொட்ட பிறகு. 2020இல் ‘மூக்குத்தி அம்மன்’ படத்தில் ஓர் ஆடிப் பாட்டு. பேத்தி அதைத் தன் போனில் போட்டுக் காட்டியபோது ‘மனோகரா’ கோரஸிலிருந்து கணக்குப் பார்த்தேன்: அறுபத்தாறு வருஷம். குரலில் வயது தெரிந்தது. சொல்லை நிறுத்துகிற இடம் மட்டும் மாறவில்லை.

அந்தப் பாட்டைப் பென் டிரைவில் ஏற்றித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். கொரோனாக் கட்டுப்பாடு தளர்ந்து திருவிழாவுக்குக் கூட்டம் கூடலாம் என்று ஆன வருஷம், பிள்ளையார் பாட்டுக்கு அடுத்து பழைய தட்டின் பாட்டு, அதற்கடுத்து இது. சவுக்கு மரத்தில் இப்போது என் மருமகன்தான் ஏறுகிறான். ஒரு குழாயை மேற்கணக்குப் பக்கம் திருப்பச் சொன்னேன்.