ஹாஸ்கெல் மொழியில் எழுத்துச்சரமும் தமிழ் எழுத்தெண்ணிக்கையும்

எழுத்தெண்ணுதல், சொல்லடைவு தொகுத்தல் முதலிய ஆய்வுப் பணிகளுக்குக் கணிப்பொறியைத் துணைக்கொள்வோர், பாடத்தை அஃது எவ்வடிவில் தாங்குகின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். 1990-இல் வெளிவந்த சார்புவழி நிரலாக்க மொழியாகிய ஹாஸ்கெலில், பாடத்தைத் தாங்கும் எழுத்துச்சரம் பெரும்பாலும் மூவகையாக அமையும். அவற்றின் நிறைகுறைகளை ஈண்டு ஆராய்வாம். யூனிக்கோடு முறையில் தனியெண் பெற்ற வடிவம் ஒவ்வொன்றும் இக்கட்டுரையில் 'குறி' எனப்படும்.

முதலாவது 'ஸ்ட்ரிங்'. இது குறிகளைச் சங்கிலிபோற் கோத்த பட்டியல். முதலில் ஒரு குறியைச் சேர்ப்பின் எஞ்சியவற்றைப் படியெடுக்க வேண்டுவதில்லை. வேண்டுமளவே கணித்துச் செல்லவும் இயலும். ஆயின் இடச்செலவு மிகுதி. 64 பிட்டுக் கணிப்பொறியில், ஜி.எச்.சி. தொகுப்பி தமிழ்க்குறி ஒன்றிற்கு வழக்கமாக 40 பைட்டு செலவிடும்.

இரண்டாவது 'டெக்ஸ்ட்'. இது குறிகளை இடைவெளியின்றி அடுக்கி வைப்பது. முன்னர் யூடிஎஃப்-16 முறையைக் கையாண்ட இந்நூலகம், 2021-இல் வெளிவந்த 2.0 பதிப்பில் யூடிஎஃப்-8 முறைக்கு மாறிற்று. அதனால் ஆங்கில எழுத்தின் அளவு 2 பைட்டிலிருந்து 1 ஆகக் குறைந்தது. தமிழ்க்குறியின் அளவோ 2-இலிருந்து 3 ஆக உயர்ந்தது. எனினும் 40 பைட்டை நோக்க இது பெருஞ்சிக்கனமே. முதலில் ஒரு குறியைச் சேர்ப்பினும் சரம் முழுவதையும் படியெடுக்க வேண்டியிருத்தல் இதன் குறை.

மூன்றாவது 'பைட்ஸ்ட்ரிங்'. கோப்புகளை விரைந்து படித்தற்கு இஃது ஏற்றது. ஆயின் பைட்டை அன்றிக் குறியை அறியாது.

இனி 'தமிழ்' என்னும் சொல்லை நோக்குவாம். இலக்கண முறைப்படி இதில் எழுத்து மூன்று. ஸ்ட்ரிங்கும் டெக்ஸ்டும் ஐந்து என்னும். தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி எனக் கொள்ளுதலின். யூடிஎஃப்-8 முறையில் அமைந்த பைட்ஸ்ட்ரிங் 15 என்னும். சொல்லைத் தலைகீழாக்கின் புள்ளி முதலில் வந்து நிற்கும். ஆகவே மூன்றனுள் எதுவும் நம் இலக்கணம் கூறும் எழுத்தை அறியாது.

இது சிறு பிழையன்று. கட்டளைக் கலித்துறையின் அடி, ஒற்று நீக்கி, நேரசையில் தொடங்கின் 16 எழுத்தும் நிரையசையில் தொடங்கின் 17 எழுத்தும் பெறும். நிரல் தந்த நீளத்தை அவ்வாறே கொள்வோர், வழுவற்ற செய்யுளையும் வழுவுடைத்தெனக் கருத நேரும். உயிர்க்குறிகளையும் புள்ளியையும், புள்ளிக்கு முன்னின்ற மெய்யையும் நீக்கியபின் எண்ணுதலே முறை. அவ்வாறு எண்ணின் 'தமிழ்' ஒற்று நீங்கி இரண்டெழுத்தாம்.

எனவே, பாடத் தொகுதிகளைக் கையாளுதற்கு டெக்ஸ்டும், சிறு சரங்களுக்கு ஸ்ட்ரிங்கும், கோப்பு வாயிலில் பைட்ஸ்ட்ரிங்கும் பொருந்தும் என்க. எழுத்து இன்னதென வரையறுக்கும் பொறுப்போ இலக்கணம் அறிந்த ஆய்வாளரையே சாரும்.