தராசே கணக்கு எழுதட்டும்

பால் சேகரிப்பு நிலையங்களில் எழக்கூடிய வழக்கு ஒன்றுண்டு. மின்னணுத் தராசு 18.6 கிலோ என்று காட்டுகிறது; எழுத்தரோ அவசரத்தில் 16.8 என்று ஏட்டில் பதிந்துவிடுகிறார். உழவருக்கு 1.8 கிலோ பாலின் விலை நஷ்டம். சங்கத்திற்கு நம்பிக்கை நஷ்டம். குறை தராசில் இல்லை. எண் கைமாறும் இடத்தில்தான் உள்ளது. இதனை நீக்கும் வழி பல தராசுகளின் பின்புறத்திலேயே அமைந்துள்ளது.

அங்குள்ள ஒன்பது ஊசிச் செருகுவாய்க்குச் சீரியல் போர்ட் என்று பெயர். 1960-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆர்.எஸ். 232 என்னும் நியமத்தைத் தழுவியது அது. ஒற்றையடிப் பாதையில் ஒருவர்பின் ஒருவர் செல்வதுபோல, எடையைக் குறிக்கும் எழுத்துக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் கணினியை அடைகின்றன.

இக்காலக் கணினிகள் பெரும்பாலானவற்றில் இச்செருகுவாய் இல்லை; யு.எஸ்.பி. மாற்றுக் கம்பி ஒன்றை வாங்கி இணைத்தல் வேண்டும். இணைத்ததும் கணினி அதற்குக் ‘காம் 3’ என்பதுபோல் ஓர் எண் அளிக்கும். அதனைக் குறித்துக்கொள்க.

அடுத்து, இரு கருவிகளும் ஒரே வேகத்தில் பேசவேண்டும். விநாடிக்கு 9,600 பிட், 8 தரவு பிட், பாரிட்டி இன்மை, 1 ஸ்டாப் பிட் என்பது பரவலான அமைப்பு. எனினும் தராசின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்க. அமைப்பு மாறினால் எண்களுக்குப் பதில் பொருளற்ற குறிகளே தோன்றும்.

வரும் எண்ணைப் பெற்று, எக்செல் போன்ற விரிதாளில் நாம் நிற்கும் கட்டத்தில் தட்டச்சு செய்ததுபோல் இடும் மென்பொருள்கள் கிடைக்கின்றன. எழுத்தர் உறுப்பினர் எண்ணை மட்டும் இடுவார்; அடுத்த கட்டத்தில் எடை தானே வந்து அமரும்.

மூன்று விஷயங்களில் கவனம் தேவை. தராசு ஓயாது எண்களை அனுப்பாமல், முள் நிலைத்தாற்போல் எடை நிலைத்தபின் பிரின்ட் விசையை அழுத்தினால் மட்டும் அனுப்புமாறு அமைக்கவேண்டும். ‘கிலோ’ என்னும் குறி எண்ணோடு ஒட்டி வந்தால் விரிதாள் அதனைச் சொல்லாகவே கொள்ளும், கூட்டுத்தொகையில் சேர்க்காது. ஆகவே அதனை நீக்கும்படி மென்பொருளில் குறிப்பிடுக. ஒரு போர்ட்டை ஒரு சமயத்தில் ஒரு மென்பொருளே பயன்படுத்த இயலும் என்பதையும் மறவாதீர்.

விரிதாளில் உள்ள எண்ணையும் ஒருவர் பின்னர் மாற்றிவிட இயலும். எனவே, தராசு அனுப்பியவற்றை அப்படியே தனிக் கோப்பிலும் சேமிக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுத்து, அக்கோப்பை மாதந்தோறும் ஏட்டுடன் ஒப்பிட்டு வருதல் நலம். தராசின் முத்திரை நடப்பில் உள்ளதா என்பதையும் பாருங்கள். தவறான தராசு கணினியிலும் தவறாகவே எழுதும்.

விடியுமுன் எழுந்து கறந்த பாலுக்கு உரிய விலை குறையாது கிடைப்பது உழவரின் உரிமை. அதனைக் காக்க இச்சிறு கம்பி துணை நிற்கும்.