புதிய மீனுக்கு ஒரு தனித்தொட்டி

கண்ணாடித் தொட்டியில் வளரும் வண்ண மீன்களைத் தாக்கும் தொற்றுநோய்கள் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகின்றன. அவற்றைச் சுமந்து வருவது அநேகமாக அன்று கடையில் வாங்கிய புதிய மீன்தான். சென்னைக் கொளத்தூரைப் போல வண்ண மீன் வளர்ப்பும் விற்பனையும் செழித்த இடங்களில், பண்ணையிலிருந்து மொத்த வியாபாரிக்கும், அவரிடமிருந்து சில்லறைக் கடைக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் குறுகிய காலத்தில் கைமாறும் மீன், போகுமிடந்தோறும் வேறு மீன்களோடு ஒரே நீரைப் பகிர்ந்துகொள்வதாலும், பையில் அடைபட்ட பயணத்தில் தன் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியாவுக்கு ஆளாகித் தளர்வதாலும், பார்வைக்கு நலமாக இருக்கும்போதே ஒட்டுண்ணிகளைத் தாங்கியிருக்கக்கூடும். அத்தகைய மீனைப் பழைய மீன்களோடு சேர்க்குமுன் ஏறத்தாழ நான்கு வாரம் வேறொரு தொட்டியில் வைத்துக் கண்காணிப்பதே தனிமைப்படுத்தல் எனப்படுகிறது.

இந்தக் காத்திருப்பு ஏன் என்பதை வெள்ளைப்புள்ளி நோயைக் கொண்டு நன்கு விளங்கிக்கொள்ளலாம். நன்னீர்த் தொட்டிகளில் பரவலாகக் காணப்படும் இந்நோயை உண்டாக்கும் இக்தியோப்தீரியஸ் என்னும் ஒற்றைச்செல் உயிரி, மீனின் தோலிலும் செவுளிலும் மேற்படலத்துக்கு அடியில் புகுந்து, திசுக்களைத் தின்று வளரும்போதுதான் உப்பைத் தூவியது போன்ற வெண்புள்ளிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. முழு வளர்ச்சியடைந்த உயிரி மீனை விட்டு உதிர்ந்து, கல்லிலோ செடியிலோ தொட்டியின் அடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஓர் உறையை அமைத்து, அதனுள் மீண்டும் மீண்டும் பிரிந்து நூற்றுக்கணக்கான சேய்களாக வெளிப்படுகிறது. அச்சேய்கள் இரண்டொரு நாளுக்குள் ஒரு மீனைப் பற்றாவிட்டால் மடிந்துபோகும். வழக்கமாக நீரில் கலக்கப்படும் மருந்துகள் நீந்தித் திரியும் இச்சேய்களையே கொல்கின்றன. மேற்படலத்தின் அடியிலும் உறையினுள்ளும் இருப்பவை தப்பிவிடுகின்றன. புள்ளிகள் மறைந்தவுடன் நோய் தீர்ந்ததென்று மருந்தை நிறுத்திவிடுவோர், பெருகுவதற்காக மீனை விட்டு இறங்கிய உயிரியை இறந்துவிட்டதாக எண்ணி ஏமாறுகின்றனர்.

இச்சுழற்சியின் வேகம் நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. 25 டிகிரி செல்சியஸ் அளவில் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும் ஒரு சுற்று, 10 டிகிரியில் ஒரு மாதத்தையும் கடக்கும். எனவே சமவெளி நகரங்களில் போதுமானதாக இருக்கும் நான்கு வாரம், உதகை, கொடைக்கானல் போன்ற ஊர்களில் ஹீட்டர் இன்றி வைக்கப்பட்ட தொட்டிக்குப் போதாமற் போகலாம். வெப்பத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தினால் சுழற்சி விரைவதால் மருந்தும் விரைவில் பலன் தரும் என்றாலும், சூடான நீரில் கரையும் பிராணவாயு குறைவு என்பதால், செவுள் பழுதுபட்ட மீனுக்கு ஏர் பம்பின் துணையின்றி இம்முறையைக் கையாளுதல் ஆபத்தானது.

தனித்தொட்டிக்கு ஆடம்பரம் வேண்டியதில்லை: மணலும் செடியும் இல்லாத சிறு தொட்டி, மீன் ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு, மூடி, ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஆகியவை போதும். ஆனால் அந்த ஸ்பாஞ்ச், மீன் வாங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே நலமான பழைய தொட்டியில் ஓடிக்கொண்டிருந்ததாக இருக்க வேண்டும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நஞ்சு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அதில் குடியேறியிருந்தால்தான் நீர் மீனுக்கு உகந்ததாக நிலைக்கும். கடைப்பையின் நீரைத் தொட்டியில் ஊற்றாமல் மீனை மட்டும் எடுத்து விடுவதும், வலை, வாளி, குழாய் ஆகியவற்றைத் தனியே வைத்துக்கொள்வதும், நாள்தோறும் பழைய தொட்டியின் வேலையை முடித்த பின்னரே புதிய தொட்டியைத் தொடுவதும் இம்முறையின் பிரிக்க இயலாத பகுதிகள்.

மருந்தைப் பொறுத்தவரை, வந்த மீனுக்கெல்லாம் முதல் நாளே எல்லா மருந்தையும் கலந்து ஊற்றும் வழக்கம் ஏற்கத்தக்கதன்று. பயணத்தில் களைத்த மீனுக்கு முதலில் வேண்டியது தூய நீரும் அமைதியுமே. பலரும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் மெத்திலீன் புளூ, முட்டைகளையும் புண்களையும் பூஞ்சையிலிருந்து ஓரளவு காப்பதற்கு ஏற்றதேயன்றி, எல்லா நோய்க்கும் மருந்தன்று. நீர் நீலமாவதைக் கண்டு நிறைவடைவது வளர்ப்பவரேயன்றி மீன் அல்ல. செவுளிலும் தோலிலும் ஒட்டும் தட்டைப்புழுக்களுக்குப் பிராசிகுவாண்டெல் ஏற்றது. எனினும் முட்டையிடும் வகைப் புழுக்களின் முட்டைகளை அது அழிப்பதில்லையாதலால் சில நாள் கழித்து மீண்டும் இட வேண்டியிருக்கும். கப்பி, மோலி போன்ற மீன்களின் ஆசனவாயிலிருந்து செந்நிற நூல் போல நீளும் கமல்லானஸ் உருளைப்புழுவுக்கு லெவாமிசோல் என்னும் வேறொரு மருந்து பயன்படுகிறது. வெள்ளைப்புள்ளிக்குத் திறம்படச் செயலாற்றும் மாலகைட் கிரீன், மனிதருக்குக் கேடு விளைவிக்கக்கூடியதென்று பல நாடுகளில் உணவு மீன் வளர்ப்பில் தடைசெய்யப்பட்டது. கையுறையின்றி அதைக் கையாளலாகாது.

எளிய மருந்தாகிய உப்பும் கணக்கின்றி இடத்தக்கதன்று. 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டியின் கொள்ளளவு 54 லிட்டர் என்றாலும், 25 செ.மீ. உயரத்துக்கே நீர் நிற்குமாயின் அதில் இருப்பது 45 லிட்டர்தான். லிட்டருக்கு 2 கிராம் என்ற அளவில் இட வேண்டிய 90 கிராம் உப்பை, ஒரே தடவையில் கொட்டாமல், கரைத்து ஓரிரு நாளில் பகுதி பகுதியாகச் சேர்க்க வேண்டும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது என்பதால், குறைந்த நீரை ஈடுசெய்யும்போது மறுபடியும் உப்பிடுவது அளவை மீறச் செய்யும். மோலி தாங்கும் உப்பைக் கோரிடோராஸ் போன்ற சிறு கெளுத்தி வகைகள் தாங்குவதில்லை.

நோய் இன்னதென்று அறியாமல் ஆன்டிபயாடிக் இடுவது இவை எல்லாவற்றிலும் மோசமான பழக்கம்; அது ஃபில்டரின் பயனுள்ள பாக்டீரியாக்களை அழிக்கக்கூடும் என்பதோடு, மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் வளர்த்துவிடுகிறது. 1926-இல் ஃபிலடெல்ஃபியா காட்சியகத்து மீன்களிலிருந்து முதன்முதலில் பிரித்தறியப்பட்ட மைக்கோபாக்டீரியம் மெரைனம் போன்ற கிருமியை மீனிலிருந்து நீக்குவது நடைமுறையில் இயலாது. கையில் உள்ள காயத்தின் வழியே மனிதரின் தோலிலும் அது புண்ணை உண்டாக்கவல்லது.

தனிமைப்படுத்தலுக்கும் எல்லை உண்டு. 1998-இல் இஸ்ரேலில் பெருஞ்சேதம் விளைவித்த கோய் கெண்டை ஹெர்பிஸ் வைரஸ், ஏறத்தாழ 16 முதல் 25 டிகிரி வரையிலான நீரில் நோயாக வெளிப்பட்டு, அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் மீனின் உடலுக்குள் அடங்கிக் கிடப்பதால், வெப்பமான தொட்டியில் எத்தனை நாள் பார்த்தாலும் தெரியாமற் போகலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2003-இல் மர்ரே காட் என்னும் உணவு மீனின் குஞ்சுகள் பண்ணையொன்றில் பெருமளவில் மடிந்தபோது, காரணமான வைரஸ், வண்ண மீனாக இறக்குமதியாகும் குட்டைக் கௌராமியிடம் உள்ள வைரஸோடு ஏறத்தாழ முற்றும் ஒத்திருந்தது மரபணு ஒப்பீட்டில் தெரியவந்தது. ஆகவே தனித்தொட்டியில் இறந்த மீனை மண்ணில் ஆழப் புதைத்து, அதன் நீரைக் கழிவறையிலேயே ஊற்ற வேண்டும். வேண்டாத மீனையோ அதன் நீரையோ ஏரியிலும் கோயில் குளத்திலும் விடுவதை வளர்ப்போர் அறவே தவிர்க்க வேண்டும்.