சட்டத்திற்கு முன் வந்த புதினம்: மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் எழுத்தும் போராட்டமும்

முன்னுரை

இத்தாலிய எழுத்தாளர் ரெனாதா விகானோ பாசிச எதிர்ப்புப் போராட்டத்தில் பங்கேற்றுப் பெற்ற பட்டறிவைக் கொண்டு 1949இல் ஒரு புதினம் படைத்தார். அது போர் ஓய்ந்தபின் எழுந்த படைப்பு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் (1883–1962) 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' (1936) போராட்டம் முடியுமுன்னரே அதன் கருவியாக எழுந்தது. அப்புதினம் போராட்டத்தில் ஆற்றிய பணியை இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டசபையும் புதுக்கோட்டையும்

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாய் தேவதாசி மரபில் வந்தவர். முத்துலட்சுமி 1927இல் சென்னைச் சட்டசபையில் பொட்டுக்கட்டும் வழக்கத்திற்கு எதிராகத் தீர்மானம் கொணர்ந்தார். அவர் முயற்சியை எதிர்த்தவர்களுள் திருமயத்தில் பிறந்த எஸ். சத்தியமூர்த்தி குறிப்பிடத்தக்கவர். இவ்வாறு விவாதத்தின் இருபுறத்தும் புதுக்கோட்டை மண்ணைச் சேர்ந்தோர் நின்றனர். தேவதாசியருள் ஒரு பகுதியினரும் சங்கம் அமைத்து, தம் வாழ்வாதாரமும் கலையுரிமையும் பறிபோகும் என வாதிட்டனர். ஆகவே சட்டசபைக்கு வெளியே, அச்சமூகத்திற்குள்ளும் கருத்து மாற்றம் தேவைப்பட்டது.

அம்மையாரின் போராட்ட வாழ்வு

அப்பணியை மேற்கொண்டவர்களுள் இராமாமிர்தம் முதன்மையானவர். தாசிமுறைக்குள்ளேயே வளர்ந்த அவர், அம்முறையை மறுத்துத் தம் இசையாசிரியர் சுயம்பு பிள்ளையை மணந்தார். காங்கிரசில் பணியாற்றிப் பின் பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தில் இணைந்தார். 1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த தமிழர் படையில் சென்றார். அவ்வாண்டே இந்தி எதிர்ப்பு மறியலில் சிறைப்பட்டார்.

புதினத்தின் வாதம்

புதினம் தாசிமுறையைப் பொருளீட்டும் ஏற்பாடாகக் காட்டுகிறது. மகளைப் பழக்கும் தாய், ஆள்பிடிக்கும் தரகர், சொத்திழக்கும் மைனர் எனப் பலரும் அதில் பங்குபெறுகின்றனர். தெய்வத்தொண்டு என்ற போர்வை இவ்வாறு விலக்கப்படுகிறது. தலைப்பின் முற்பகுதி பெண்கள்மீதே பழி சுமத்துவதாகத் தோன்றும், இக்குறை கருதத்தக்கதே. எனினும் பிற்பகுதி, மதிபெற வேண்டியவன் ஆண் என்கிறது. அம்முறையைப் பணம் தந்து நிலைநிறுத்துவோனும் அவனே. கதை இறுதியில் தேவதாசியர் மாநாட்டை நோக்கி நகர்வதால், தனிமனிதத் திருத்தத்தோடு கூட்டு முடிவும் வலியுறுத்தப்படுகிறது.

முடிவுரை

1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் வழக்கத்தைத் தடுத்தது. அவ்வழக்கம் யாருடைய நலனுக்காக நிலைத்தது என்பதைப் பதினோராண்டுகளுக்கு முன்பே புதினம் விளக்கியிருந்தது. சட்டசபை நடவடிக்கைகளோடு இப்புதினத்தையும் இணைத்துப் படிக்கும்போதே தேவதாசி ஒழிப்பின் வரலாறு முழுமை பெறும்.